ஆட்டமும் வளைவும்

சைக்கிளில் வரும் சத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. மெக்கானிக் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் வாயை மூடிக்கொள்ளும். கடையைத் தாண்டி நூறு மீட்டர் போனதும் மறுபடியும் ஆரம்பிக்கும். நாமே கட்டிய சைக்கிள் என்றால் இன்னும் மோசம். கொண்டுபோய் நிறுத்த ஒரு கடையே கிடையாது. "இது என்ன மாடல்?" என்று கேட்பவரிடம் சொல்ல ஒரு பெயரும் கிடையாது. டிசைனர், வெல்டருக்கு எடுபிடி, டெஸ்ட் ரைடர், கஸ்டமர் கேர் எல்லாம் ஒரே ஆள்.

என் மவுன்டன் பைக் அப்படிப்பட்டது. முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி. முன்பக்க ஃபோர்க், பின்பக்க ஷாக், சக்கரங்கள் எல்லாம் செகண்ட் ஹேண்டில் சேர்த்தவை. ஃப்ரேம் மட்டும் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையிலும், அதற்கு இரண்டு கடை தள்ளியிருக்கும் ஆர்கான் வெல்டிங் கடையிலுமாக உருவானது. முழு சஸ்பென்ஷன் உள்ள நல்ல வண்டி வாங்க வேண்டுமென்றால் லட்சங்களில் பேச வேண்டும் என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். எங்கள் செட்டில் முக்கால்வாசிப் பேரைப் போல கேம்பஸ் இன்டர்வியூவில் ஐடிக்குப் போனேன். கல்லூரியில் பாஹா போட்டிக்காக நாங்கள் ஒரு பக்கி கட்டினோம். அதன் ரோல் கேஜுக்கு 4130 என்ற எண் கொண்ட க்ரோமோலி குழாய் வாங்கி, வளைத்து, வெல்ட் பண்ணி, கையெல்லாம் சுட்டுக்கொண்டு திரிந்த அந்த ஒரு வருடத்துக்குப் பிறகு எனக்கும் இரும்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பத்து வருடம் ஸ்க்ரீனைப் பார்த்தாயிற்று. எஸ்ஓஎம் பேப்பரில் படித்தது ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஆசை. அப்படித்தான் ஆரம்பித்தது.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்த ஃப்ரேம் பேச ஆரம்பித்தது. அது என்ன பேசியது, அதில் எதைக் கேட்க வேண்டியிருந்தது, எது கடைசிவரை பேசவே இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

*

மவுன்டன் பைக் என்ற பொருளே இப்படித் தானே கட்டிக்கொண்டவர்களிடமிருந்து வந்ததுதான். 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுன்டி மலைகளில் ஒரு கூட்டம் பழைய பலூன் டயர் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு மண்பாதைகளில் இறங்கிக்கொண்டிருந்தது. 1976இல் அதை ஒரு ரேஸாகவே நடத்தத் தொடங்கினார்கள். பெயர் ரீபேக். அந்த வண்டிகளில் இருந்தது பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் கோஸ்டர் பிரேக். ஒரே ஒரு இறக்கத்தில் ஹப் சூடாகி உள்ளே இருக்கும் கிரீஸெல்லாம் புகையாகப் போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்துத் திரும்ப கிரீஸ் அடைக்க வேண்டும். ரீபேக் என்றால் அதுதான். ரேஸுக்கே ரிப்பேர் வேலையின் பெயர்.

1977இல் அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஜோ பிரீஸ் இந்த மாதிரிப் பாதைக்கென்றே ஒரு ஃப்ரேம் கட்டினார். அதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், வழக்கமான குழாய்கள் போதாதென்று முன்னால் ஹெட் ட்யூபிலிருந்து பின்னால் ஆக்ஸில் வரை இரண்டு பக்கமும் ஒரு ஜோடிக் குழாய் கூடுதலாக ஓடும். பின்பகுதி பக்கவாட்டில் நெளியக்கூடாது என்பதற்காக. அந்த வண்டியில் பின்பக்க சஸ்பென்ஷன் கிடையாது. வெறும் முக்கோணம். அதற்கே அந்தக் கவலை.

சாதாரண சைக்கிளின் பின்பகுதி உண்மையில் ரொம்ப வலுவானது. முக்கோணத்தின் பலம் அது. நீளங்கள் மாறாதவரை முக்கோணத்தின் வடிவம் மாறாது. பின்பக்க சஸ்பென்ஷன் வேண்டுமென்றால் அந்த முக்கோணத்தை ஃப்ரேமிலிருந்து அறுத்துத் தனியே எடுத்து, ஒரு கீல் போட்டுத் திரும்ப மாட்ட வேண்டும். ஃப்ரேமின் ஒரு பகுதியாக இருந்தது இப்போது ஒரு கதவாகிவிடுகிறது. மேலும் கீழும் தாராளமாக ஆட வேண்டும், இடமும் வலமும் துளியும் ஆடக்கூடாது. அந்தக் கதவுக்குப் பெயர் ஸ்விங்ஆர்ம். கீலுக்குப் பெயர் பிவட். மேலும் கீழும் ஆடுவதைக் கட்டுப்படுத்துவது ஷாக்.

என்னுடையது ஒரே பிவட் உள்ள எளிய அமைப்பு. பின்சக்கரம் 120 மி.மீ. மேலே போகும். ஸ்விங்ஆர்மின் இரண்டு கைகளும் 19 மி.மீ. குழாய். ஒரு பக்கம் டயர், மறுபக்கம் செயின்ரிங், நடுவில் அவ்வளவுதான் இடம். பிவட்டில் இரண்டு பேரிங், 50 மி.மீ. இடைவெளியில். பின்சக்கரம் பழைய பாணி க்விக் ரிலீஸ் ஆக்ஸில். எது எவ்வளவு தாங்கும் என்று ஓட்டிப் பார்ப்பதற்காகவே கட்டிய முதல் பதிப்பு.

*

முதலில் வந்தது சத்தமல்ல, ஒரு உணர்வு. வேகமாக ஒரு வளைவில் திரும்பும்போது, முன்சக்கரம் திரும்பிவிடும். பின்சக்கரம் அரை நொடி யோசித்துவிட்டு வருவது போலிருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் வலது கையின் உட்பக்கம் டயர் உரசிப் பெயின்ட் போயிருந்தது. சக்கரம் நேராகத்தான் இருந்தது. திரும்பும்போது மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து கையைத் தொடுகிறது.

பிறகு இரண்டு சத்தங்கள். ஒன்று, ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்'. இரண்டாவது, பின்பகுதி அமுங்கும்போதெல்லாம் ஒரு 'கிறீச்'. கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய் போடாவிட்டால் வருமே, அதே சத்தம்.

சத்தம் எரிச்சல் மட்டுமாக இருந்தால் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஓட்டலாம். பிரச்சினை அதுவல்ல. கையால் வெல்ட் பண்ணிய ஃப்ரேமில் ஒரு சத்தம் வந்தால் மனம் நேராக ஒரே இடத்துக்குத்தான் போகும்: விரிசல். காய்ந்துபோன போல்ட்டும் 'டக்' என்றுதான் சொல்லும், விட்டுக்கொண்டிருக்கும் வெல்டும் 'டக்' என்றுதான் சொல்லும். ஒன்றுக்கு அஞ்சு ரூபாய் கிரீஸ் போதும். இன்னொன்று இறக்கத்தில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் உடையும்.

என் அக்கா மகளுக்கு வயது பதினைந்து. என் உயரத்தை எட்டிவிட்டாள். "மாமா, ஒரே ஒரு தடவை" என்று அந்த வண்டிக்காக மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு நாள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "டேய், இது உடையாதுன்னு எழுதித் தருவியா?"

ஐடியில் நாங்கள் எழுதித் தராத உத்தரவாதமே கிடையாது. 99.9 சதவீதம் என்போம், அதற்குப் பின்னால் இன்னொரு 9 சேர்ப்போம். அக்காவிடம் எதையும் எழுதித்தர முடியவில்லை.

*

எஃகில் சத்தம் நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர் ஓடும். காற்றில் 340 மீட்டர்தான். ஒரு மீட்டர் நீளமுள்ள ஃப்ரேமில் எங்கே தட்டினாலும் மொத்த ஃப்ரேமும் ஒரே நேரத்தில் ஒலிப்பது போலத்தான் காதுக்குக் கேட்கும். குழாய்கள் உள்ளே வெற்றாக இருப்பதால் ஒவ்வொன்றும் ஒரு ஸ்பீக்கர் வேறு. காலுக்கடியில் கேட்கிற சத்தம் காலுக்கடியில் பிறந்தது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அதனால் காதால் தேடுவதைவிடப் பிரித்துத் தேடுவதுதான் வழி. மிதிக்கும்போது மட்டும் வருகிறதா, சும்மா உருளும்போதும் வருகிறதா? மிதிக்காமல் உருளும்போது வந்தால் பெடல், க்ராங்க், பாட்டம் பிராக்கெட் எல்லாம் பெரும்பாலும் நிரபராதிகள். உட்கார்ந்தால் வருகிறது, எழுந்து நின்றால் போகிறது என்றால் சீட்டும் சீட் போஸ்ட்டும். சக்கரத்தின் வேகத்தோடு ஏறி இறங்குகிறது என்றால் ஹப், ஸ்போக், டிஸ்க். ஒரு இடத்தில் நின்றுகொண்டு சீட்டை அமுக்கினாலே வருகிறது என்றால் பிவட் அல்லது ஷாக். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றி சத்தம் போய்விட்டால் எது போக்கியது என்று தெரியாமலே போய்விடும். கோட் டீபக் பண்ணுகிறவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே வித்தியாசம், இங்கே லாக் கிடையாது. நடந்தது எதுவும் எங்கேயும் பதிவாகவில்லை.

'டக்' சத்தத்துக்கு பெடலை மாற்றினேன், க்ராங்க்கைக் கழற்றி கிரீஸ் போட்டேன், செயின்ரிங் போல்ட்டுகளைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். போகவில்லை. மோட்டார் ரிப்பேர் பண்ணுகிறவர்கள் ஒன்று செய்வார்கள். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை பேரிங் வீட்டின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டவைத்துக் கேட்பார்கள். சுவரோரம் முன்சக்கரத்தை முட்டுக்கொடுத்து, பின் பிரேக்கைப் பிடித்தபடி என் நண்பன் பெடலை அழுத்த, நான் மண்டியிட்டு ஒவ்வொரு இணைப்பாக வைத்துக் கேட்டேன். காலுக்கடியில் கேட்ட சத்தம் உண்மையில் அங்கிருந்து 440 மி.மீ. தள்ளி, பின் ஆக்ஸிலின் வலது முனையில் இருந்தது.

யோசித்தால் நியாயம்தான். க்ராங்க்கின் நீளம் 175 மி.மீ. நான் பயன்படுத்தும் 32 பல் செயின்ரிங்கின் ஆரம் சுமார் 65 மி.மீ. 70 கிலோ ஆள் பெடலில் ஏறி நின்றால் செயினில் விழும் இழுப்பு 70 அல்ல, கிட்டத்தட்ட 190 கிலோ. அந்த இழுப்பு முழுக்க ஆக்ஸிலின் வலது முனையை மட்டும் முன்னால் இழுக்கிறது. இடது முனையை இழுக்க ஆளில்லை. க்விக் ரிலீஸின் பிடி வெறும் உராய்வுதான். ஸ்விங்ஆர்ம் முறுக்கிக்கொடுக்கும்போது அந்தப் பிடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வழுக்கல். அதுதான் 'டக்'.

'கிறீச்' வேறு கதை. ஷாக்கைக் கழற்றிவிட்டு ஸ்விங்ஆர்மைக் கையால் மேலும் கீழும் அசைத்தேன். சத்தமே இல்லை. ஷாக்கை மாட்டியதும் வந்துவிட்டது. ஷாக்கின் கீழ்க்கண்ணில் இருக்கும் புஷ்ஷைத் துடைத்து கிரீஸ் போட்டேன். போய்விட்டது. இரண்டு வாரத்தில் திரும்ப வந்தது. புது புஷ் போட்டேன். மூன்று வாரம்.

கிறீச்சென்ற சத்தம் எல்லாமே ஒரே மாதிரிதான் பிறக்கிறது. இரண்டு பரப்புகள் ஒட்டிக்கொள்கின்றன, இழுவிசை ஏறிக்கொண்டே போகிறது, ஒரு கட்டத்தில் சட்டென்று வழுக்குகிறது, திரும்ப ஒட்டிக்கொள்கிறது. நொடிக்குப் பல நூறு தடவை இது நடந்தால் நமக்குக் கிறீச். கதவுக் கீல், ராட்டினம், வயலின் எல்லாம் இதே வேலைதான். கிரீஸ் போட்டால் ஒட்டுவது நின்றுபோகிறது. ஆனால் இழுப்பது யார்? ஷாக் அதன் நீளவாக்கில் அமுங்கி விரிவதற்காகச் செய்யப்பட்டது. பக்கவாட்டில் அதை யாரும் தள்ளக்கூடாது. தள்ளினால் புஷ் தேயும், உள்ளே ஷாஃப்டும் சீலும் தேயும். என் ஸ்விங்ஆர்ம் பக்கவாட்டில் சாயும்போதெல்லாம் ஷாக்கைத் தூணாகப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது. கத்தியது புஷ். கத்தவைத்தது வேறு இடம்.

*

லேத் பட்டறை அண்ணாவுக்கு என் சைக்கிள் மேல் பெரிய மரியாதை கிடையாது. பம்ப் ஷாஃப்ட் கடைவது அவர் தொழில். "இத்தன செலவுக்கு ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வாங்கியிருக்கலாமுங் தம்பி, பெட்ரோல் போட்டா அதுவே ஏறும்" என்று முதல் நாளே சொன்னவர். ஆனால் பக்கவாட்டில் எவ்வளவு சாய்கிறது என்று அளக்க வேண்டும் என்றதும் அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. முன்ஃப்ரேமை மேசையில் அசையாமல் க்ளாம்ப் பண்ணினோம். படுக்கவைத்த ஸ்விங்ஆர்மின் ஆக்ஸிலில் ஒரு கொக்கி. கொக்கியில் எடைக்கல். மேலே டயல் கேஜ்.

5 கிலோவுக்கு 1.15 மி.மீ. 10 கிலோவுக்கு 1.85. 15 கிலோவுக்கு 2.55. 20 கிலோவுக்கு 3.25.

எண்களை நோட்டில் எழுதிக் கொஞ்சம் பார்த்தால் ஒன்று தெரியும். ஒவ்வொரு 5 கிலோவுக்கும் 0.70 ஏறுகிறது. அப்படியானால் முதல் 5 கிலோவுக்கும் 0.70தான் வந்திருக்க வேண்டும். வந்தது 1.15. எந்த எடையும் தாங்காமல் நழுவியது 0.45. எடையை எடுத்த பிறகு முள் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை. கையால் தட்டிவிட வேண்டியிருந்தது.

அண்ணா முள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இதுல ரெண்டு இருக்குதுங் தம்பி. மொதல்ல வர்றது ஆட்டம். அப்பறம் வர்றது நெளிவு."

அதுவரை என் தலைக்குள் இரண்டுக்கும் சேர்த்து ஃப்ளெக்ஸ் என்ற ஒரே சொல்தான் இருந்தது. பட்டறையில் இரண்டு சொல். வளைவது என்றால் பொருள் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எடைக்கு ஏற்றபடி வளையும், எடையை எடுத்தால் அதே இடத்துக்கு வரும். பாரம் தாங்கும் எதுவும், பாலமானாலும் சரி, விமான இறக்கையானாலும் சரி, வளைந்துதான் தாங்கும். ஆட்டம் அப்படியல்ல. அங்கே எதுவும் எதையும் தாங்கவில்லை. இரண்டு பாகங்களுக்கு நடுவே ஒரு காலி இடம் இருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் அந்தக் காலி இடத்தைக் கடந்து ஒன்று மற்றொன்றின் மேல் மோதுகிறது. மோத மோத இடம் பெரிதாகிறது. வளைவு வருடக்கணக்கில் அதே அளவில் இருக்கும். ஆட்டம் வளரும்.

என் 0.45 எங்கே இருந்தது என்று கணக்குப் போடுவது எளிது. பிவட்டிலிருந்து ஆக்ஸில் 440 மி.மீ. தூரம். பேரிங்குகளுக்கு நடுவே 50 மி.மீ. கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. 0.45ஐ ஒன்பதால் வகுத்தால் 0.05 மி.மீ. ஒரு மெல்லிய தலைமுடி. பேரிங்கில் அந்த ஒரு முடி இடைவெளி, ஆக்ஸிலில் 0.45. பிவட்டிலிருந்து 800 மி.மீ. தள்ளியிருக்கும் டயரின் பின்விளிம்பில் 0.8 மி.மீ. கதவின் இரண்டு கீல்களையும் பக்கத்துப் பக்கத்தில் அடித்தால் கதவு ஏன் தொங்குகிறதோ அதே காரணம்.

பேரிங்கைக் கழற்றி விரலால் சுற்றினால் குறிப்பிட்ட சில இடங்களில் நின்று நின்று சுற்றியது. பேரிங் என்பது முழுச்சுற்று சுற்றுவதற்காகச் செய்த பொருள். சுற்றும்போதுதான் கிரீஸ் பரவும், பாரம் எல்லாக் குண்டுகளுக்கும் மாறி மாறிப் போகும். பிவட்டில் அது ஒரு நாளும் முழுதாகச் சுற்றுவதில்லை. சில பாகை போய்த் திரும்பிவிடும். அதே நாலு குண்டுகள் அதே நாலு இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை அடிவாங்கிக் குழி விழுந்துவிடும். அதனால்தான் பிவட்டுக்கென்று நடுவில் கூண்டு இல்லாமல், இடம் கொண்ட மட்டும் குண்டுகளை நிரப்பிய பேரிங்குகள் வருகின்றன. வேகமாகச் சுற்ற அவை லாயக்கில்லை. அடி தாங்க அவைதான் லாயக்கு.

ஆட்டத்துக்கு பேரிங், வளைவுக்குக் குழாய். குழாய் விஷயத்தில் ஒரு பொதுவான நம்பிக்கை, க்ரோமோலி விறைப்பானது என்று. விறைப்பில் க்ரோமோலியும் கிரில் கேட்டுக்குப் போடும் சாதா இரும்பும் ஒன்றுதான். இரண்டின் யங் மாடுலஸும் சுமார் 200 ஜிகா பாஸ்கல். க்ரோமோலி எளிதில் மடங்காது, உடையாது. அதனால் மெல்லிசாகப் போடலாம். ஆனால் அதே அளவுக் குழாய் என்றால் அதே அளவுதான் வளையும். அலுமினியத்தின் மாடுலஸ் இதில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனாலும் அலுமினிய ஃப்ரேம்கள் விறைப்பாக இருப்பதற்குக் காரணம் அதன் குழாய்கள் பருமனாக இருப்பது. மெல்லிய சுவர் கொண்ட குழாயின் விறைப்பு விட்டத்தின் கன மடங்காக ஏறும். 19 மி.மீ. குழாயை அதே சுவர்த் தடிமனில் 25.4 ஆக்கினால் எடை மூன்றில் ஒரு பங்கு கூடும். விறைப்பு 2.37 மடங்காகும். இரும்பைக் கூட்டியதைவிட, இருக்கும் இரும்பை நடுவிலிருந்து தள்ளி வைத்ததுதான் வேலை செய்கிறது. எஸ்ஓஎம் பேப்பரில் இது ஒரு பதினாறு மார்க் கேள்வி. அன்றைக்கு இதற்கு அர்த்தம் இருப்பதாகத் தோன்றவில்லை.

*

சத்தங்களுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. புது ஸ்விங்ஆர்மின் படத்தையும் வரைந்தாயிற்று. அக்காவின் கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

காலேஜ் நண்பன் ஒருவன் ஒரு ஃபவுண்டரியில் குவாலிட்டி செக்ஷனில் இருக்கிறான். வால்வு காஸ்டிங்குகளுக்கு அவர்கள் தினமும் டிபி டெஸ்ட் பண்ணுவார்கள். மூன்று ஸ்ப்ரே டப்பாக்கள்தான் மொத்தக் கருவியும். பெயின்ட்டை நீக்கிவிட்டு முதல் டப்பாவால் துடைக்க வேண்டும். இரண்டாவது சிவப்புச் சாயம். அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளுக்குள்ளும் ஊறிப் போய்விடும். மேலே இருக்கும் சாயத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மூன்றாவது டப்பாவிலிருந்து சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் பொடியை அடிக்க வேண்டும். உள்ளே ஊறியது ஏதாவது இருந்தால் வெள்ளைப் பொடி அதை உறிஞ்சி வெளியே கொண்டுவரும்.

ஒவ்வொரு வெல்டாகப் பார்த்தோம். ஹெட் ட்யூப் சுத்தம். பிவட் வீடு சுத்தம். ஷாக் மவுன்ட் சுத்தம். வலது கையில், பலம் சேர்ப்பதற்காக வெல்ட் பண்ணியிருந்த முக்கோணத் தகட்டின் முனையில், வெள்ளைக்கு நடுவே மெதுவாக ஒரு சிவப்புக் கோடு வந்தது. ஆறு மி.மீ. இருக்கும்.

'டக்' அங்கிருந்து வரவில்லை. 'கிறீச்' அங்கிருந்து வரவில்லை. ஸ்க்ரூடிரைவரை அந்த இடத்திலும் வைத்துக் கேட்டிருக்கிறேன். ஒரு சத்தமும் இல்லை. இரண்டு மாதம் என்னைத் தூங்கவிடாமல் செய்தவை கிரீஸும் பிடியும் சம்பந்தப்பட்டவை. என்னைக் கீழே தள்ளியிருக்கக்கூடியது அமைதியாக வளர்ந்துகொண்டிருந்தது.

அது ஏன் அங்கே வந்தது என்பதற்கும் வளைவில்தான் பதில் இருக்கிறது. 3 மி.மீ. தகடு ஒட்டிய பகுதி வளையாது. அதற்கு அடுத்த அரை அங்குலத்தில் 1.2 மி.மீ. சுவர் கொண்ட வெறும் குழாய் நன்றாக வளையும். வளைகிறதும் வளையாததும் சட்டென்று சந்திக்கும் அந்தக் கோட்டில் மொத்த வேலையும் குவியும். கம்பியை ப்ளையரில் பிடித்து முன்னும் பின்னும் வளைத்தால் ப்ளையரின் வாயோரத்தில்தான் அது உடையும், நடுவில் அல்ல. வெல்டின் விளிம்பும் அங்கேதான் முடிகிறது என்பது கூடுதல் வசதி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் ரயில் ஆக்ஸில்களை வைத்து இதைத்தான் ஆராய்ந்தார். ஒரே தடவையில் உடைக்கத் தேவையான பாரத்தைவிட ரொம்பக் குறைந்த பாரமே திரும்பத் திரும்ப வந்தால் உடைத்துவிடும். ஆனால் எஃகுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே இருந்தால் எத்தனை லட்சம் தடவை வளைத்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு தெளிவான எல்லை கிடையாது. ஆகவே எஃகு ஃப்ரேம் கட்டுகிறவன் செய்ய வேண்டியது வளைவை ஒழிப்பதல்ல. அதை ஒரே இடத்தில் குவியவிடாமல் நீளத்துக்குப் பரத்திவிடுவது.

அக்காவுக்கு அந்தச் சிவப்புக் கோட்டின் ஃபோட்டோவை அனுப்பினேன். "அப்ப நான் கேட்டது கரெக்ட்தானே" என்று பதில் வந்தது. கூடவே ஒரு கும்பிடு எமோஜி.

*

விரிசல் மேல் திரும்ப வெல்ட் பண்ணி மூடும் யோசனையை வெல்டிங் கடைக்காரரே ஏற்கவில்லை. பழைய ஸ்விங்ஆர்ம் அப்படியே ஓரங்கட்டப்பட்டது.

புதியதில் கைகள் 25.4 மி.மீ. டயருக்கும் செயின்ரிங்குக்கும் நடுவே இடமில்லாததால் கைகளைச் செயினுக்கு மேலே தூக்கி ஓட்டியாயிற்று. குதிகால் இடிக்காமலிருக்கக் கொஞ்சம் வளைக்க வேண்டியிருந்தது. இதில் ஒரு இலவச லாபம், செயின் குதித்துக் கையில் அடிக்கும் 'கடகட'வும் போய்விட்டது. பேரிங் இடைவெளி 50இலிருந்து 80 மி.மீ. அதே ஒரு முடி ஆட்டம் வந்தாலும் இனி ஆக்ஸிலில் ஒன்பது மடங்கு ஆகாது, ஐந்தரை மடங்குதான். தகட்டின் முனைகளை மீன்வால் போல் வெட்டி, இழைத்து, நீளமாக மெலிந்து முடியும்படி செய்தோம். அதன் விளிம்பு குழாயைக் குறுக்காக வெட்டாமல் நீளவாக்கில் கரைந்து போகும்.

பேரிங் வீடுகளை வெல்டிங் முடிந்து ஃப்ரேம் முழுக்க ஆறிய பிறகுதான் கடைசிக் கடைசல் கடைந்தார் அண்ணா. வெல்டின் சூட்டில் வட்டம் வட்டமாக இருக்காது. இரண்டு வீட்டையும் ஒரே செட்டிங்கில், கழற்றாமல். 28 மி.மீ. பேரிங்குக்கு அதைவிடப் பத்துப் பதினைந்து மைக்ரான் குறைவாக. கையால் போகாது, அழுத்தித்தான் போகும். இரண்டு பேரிங்குகளின் உள்வளையங்களுக்கும் நடுவே ஒரு ஸ்பேசர். அது துளி குட்டையானால் போல்ட்டை முடுக்கும்போது பேரிங் நசுங்கும், துளி நீளமானால் பேரிங்குகள் அவற்றின் வீட்டில் சரியாக உட்காராது. அதைச் சரிசெய்ய 0.1 மி.மீ. வாஷர்களோடு அரை நாள் போயிற்று.

பின்சக்கரத்துக்கு 12 மி.மீ. த்ரூ ஆக்ஸில். இது ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் மரையில் முடுக்கப்படும் முழுத் தண்டு. க்விக் ரிலீஸ் இரண்டு கைகளையும் வெளியிலிருந்து கிள்ளிப் பிடிக்கிறது என்றால், இது இரண்டையும் கோத்துவிடுகிறது. இரண்டு கைகளும் தனித்தனியாக முறுக்கிக்கொள்ள இனி வழியில்லை.

அதே மேசை, அதே கொக்கி, அதே டயல் கேஜ். 5 கிலோவுக்கு 0.35. பிறகு ஒவ்வொரு 5 கிலோவுக்கும் 0.30. 20 கிலோவில் 1.25. எடையை எடுத்ததும் முள் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கே வந்தது.

இன்னும் பருமனான குழாய் போட்டு அந்த 0.30ஐயும் குறைக்கலாமே என்று நண்பன் கேட்டான். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மோட்டோஜிபி பைக்குகளின் ஃப்ரேமில் பக்கவாட்டு வளைவைத் திட்டமிட்டே விட்டுவைக்கிறார்கள். வண்டி சாய்ந்து திரும்பும்போது சாலையின் மேடுபள்ளம் சஸ்பென்ஷன் அமுங்கும் திசையில் வராது, பக்கவாட்டில் வரும். அந்த நேரத்தில் ஃப்ரேம் கொஞ்சம் கொடுத்தால்தான் டயர் தரையை விடாமல் பிடித்திருக்கும். கல்லும் வேருமான பாதையில் சாய்ந்து போகும் சைக்கிளுக்கும் அதே நியாயம். நான் துரத்த வேண்டியிருந்தது 0.45ஐத்தான். 0.30 அந்த வண்டியின் குணம்.

ஓட்டிப் பார்த்தபோது முதலில் தெரிந்தது வளைவுகளில் பின்சக்கரம் யோசிக்காமல் வந்தது. இரண்டாவது, சத்தமில்லாதது. டயர் மண்ணை அரைப்பது மட்டும் கேட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு அரை மணி நேரம். பிறகு அந்தச் சிவப்புக் கோடு ஞாபகம் வந்தது. அதுவும் இதே மாதிரி சத்தமில்லாமல்தான் இருந்தது. சத்தம் வந்ததால்தான் பிரித்தேன், பிரித்ததால்தான் பார்த்தேன். இனி எதைக் கேட்டுப் பிரிப்பது?

ஆகவே அதைக் காதிடம் விடவில்லை. ஸ்விங்ஆர்மில் மட்டும் பெயின்ட் அடிக்கவில்லை. கோடு விழுந்தால் கண்ணில் படட்டும் என்று மெல்லிய க்ளியர் கோட் மட்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்வால் முனைகளை டார்ச் அடித்துப் பார்க்கிறேன். பிறகு 20 கிலோ கல்லைத் தொங்கவிட்டு அளக்கிறேன். ஷெட் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் தேதியும் எண்ணும் ஏறிக்கொண்டே போகின்றன. எண் ஏறினால் ஏதோ ஒன்று ஆடுகிறது அல்லது விடுகிறது என்று அர்த்தம்; அது என்ன சத்தம் போடுகிறது என்பது முக்கியமில்லை.

அக்காவுக்கு உடையாது என்று எழுதித் தரவில்லை. இந்தத் தாளைக் காட்டினேன். ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தாள். "இது எத்தனைக்கு மேல போனா நீ அவளுக்குத் தர மாட்டே?" என்று கேட்டாள். 1.40 என்றேன். பேனாவை வாங்கித் தாளின் மேல் ஓரத்தில் அவளே அதைப் பெரிதாக எழுதி, சுற்றி வட்டம் போட்டாள்.

போன வாரம் மருதமலை அடிவாரத்துப் பக்கம் மருமகள் ஓட்டினாள். காலையில் கிளம்பும் முன் எடுத்த அளவு 1.25.